மருந்துக்கடையின் சாய்ந்த எழுத்து

ஷார்ஜா

அம்மாவுக்கு விக்ரம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, அலுப்புதான்.

இங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் அறந்தாங்கிக்காரர் ஒருவர் தன் கடைக்குப் பெயர்ப்பலகை செய்யச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வந்தார். பந்தயக் கார்களில் இருக்கிற எழுத்துதான் வேண்டும் என்றார். கூர்முனைகளோடு சாய்ந்து, உள்ளே நிறமில்லாமல் வெளிக்கோடு மட்டும் இருக்கும்.

"தூரத்துல தெரியாதுங்கண்ணே. காருக்கு, ஜிம்முக்குத்தான் அது பொருந்தும்" என்றேன்.

"ஸ்டைலா இருக்குல்ல தம்பி, போடுங்க" என்றார்.

தகட்டில் வெட்டி மாட்டினோம். நான் ஏணியிலிருந்து இறங்கும்போதே, காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு பெண் வந்து, அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று, மருந்துக்கடை எங்கே என்று கேட்டாள்.

மருந்துக்கடை அண்ணன் முகம் வாடிவிட்டது. "கழட்டிருங்க தம்பி" என்றார். இப்போது நேராக நிற்கும், நிறம் நிரப்பிய எழுத்து மாட்டியிருக்கிறோம். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றாலும் தெரிகிறது.

கழற்றும்போது ஒரு முனை இடது உள்ளங்கையில் லேசாகக் கிழித்துவிட்டது. தையல் போட்டாயிற்று, பயப்படாதீர்கள். துணி பிழியத்தான் முடியவில்லை.

என் அறையில் இருக்கும் எழிலரசன் ஊருக்கு வருகிறான். அவனிடம் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் என் பெயரை அவனை எழுதச் சொல்லாதீர்கள், நீங்களே எழுதுங்கள். உங்கள் எழுத்து என்றால் எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். வேன் வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

விக்ரம்