சைக்கிள் டியூப் சுற்றிய பைப்

1958 மார்ச் 11, செவ்வாய்.

தேயிலைத் தொழிற்சாலையில் தீப் பிடித்தால் கூரையில் ஓடும் குழாய்கள் தாமாகவே தண்ணீரைக் கொட்ட வேண்டும். அதை வரைந்தவன் நான். நாளைக் காலை எட்டு மணிக்குத் தோட்டத்தை நடத்தும் துரை சோதித்துப் பார்க்கிறார். இன்று நானே திறந்து பார்த்தேன். தண்ணீர் நூலாக ஒழுகியது. மலைமேல் தொட்டியில் பாதிகூட இல்லை.

தொட்டியிலிருந்து குழாய் வருகிற வழியே நடந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் மேல்லயத்துக்குப் பின்னால் அதை ஓட்டை போட்டு, சைக்கிள் டியூப் சுற்றி, திறந்து மூடுகிற ஒரு பைப் வைத்திருந்தார்கள். குடத்தோடு இருந்த பெண் பைப்பை மறைத்து நின்றாள்.

"அடைச்சிடாதீங்கய்யா. ஊத்துத் தண்ணி வர்ற பீலி வத்திப்போச்சு. புள்ளைங்க குடிக்கவே தண்ணி இல்லைங்க."

"தீப் பிடிச்சா என்ன செய்வீங்க?"

எனக்கு அடைக்க மனம் வரவில்லை.

"இப்ப மூடி வைங்க, தொட்டி ரொம்பட்டும். நாளைக்குத் துரை போனதும் தொறந்துக்கங்க."

கும்பிட்டாள். "எங்க வீட்டுக்காரருகிட்டயும் சொல்லிடுறேங்க. இந்தத் தேயிலை ஸ்டோருலதான் ராத்திரி வேலை, கொழுந்து காய வைக்கிற அடுப்புக்கு வெறகு போடுறாரு."

நாளை எட்டு மணிக்குத் தண்ணீர் கொட்டும். எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போடுவேன். நாளை மறுநாள் ராத்திரி, தொட்டி மறுபடி வற்றிய பின்னும், அவள் வீட்டுக்காரர் விறகு போடுவார்.