ஆறு மணி நேரத் தயிர்

12-12-1938, திங்கட்கிழமை, இரவு மணி 8-40. இண்டூர்.

குறிப்பு எண் 212: குளிர்காலத்தில் தயிர் தோயும் நேரம்

என் மனைவிக்கு வயிற்றுப்போக்கு தொடங்கி இன்றோடு ஒன்பது நாள். புளிக்காத தயிரும் குழைந்த சோறும் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது என்று வைத்தியர் எழுதியே கொடுத்திருக்கிறார். நேற்றைய தயிர் இரவெல்லாம் கிடந்து புளித்துவிட்டது. ஆகவே இன்று காலை 6-15க்கு நானே பாலுக்கு உறையிட்டு, சட்டியைத் துணியால் சுற்றி, சூடு காக்கும்பொருட்டுக் கேழ்வரகுக் குவியலுக்குள் புதைத்தேன். சித்திரையில் ஆறு மணி நேரத்தில் தோய்ந்தது என்று என் கையாலேயே குறித்திருக்கிறேன். சரியாக 12-15க்கு எடுத்தால், பால் பாதிகூடத் தோயவில்லை! இருந்தாலும் அதையே கொடுக்கச் சொன்னேன். இரண்டு மணிக்குள் போக்கு முன்னிலும் அதிகமாகிவிட்டது.

“சட்டியை அசைத்தாயா?” என்று மருமகள் ராஜம்மாளிடம் கத்தினேன்.

“நான் தொடவே இல்லீங்க மாமா. இந்தக் குளிருக்கு ஒம்பது மணி நேரமாச்சும் வேணும்னு காலையிலயே சொன்னனுங்களே. நீங்கதான் கடியாரத்தக் காட்டி, வாய மூடுன்னீங்க.”

சொன்னாள், உண்மைதான். அதனாலேயே கோபம் இன்னும் தணியவில்லை. இன்னும் சற்று உரக்கச் சொல்லியிருக்கலாகாதா?

சேலத்திலிருக்கும் மகனை உடனே புறப்பட்டு வரும்படி கடிதம் எழுதி ஒட்டிவிட்டேன். அதனுடன் இணைத்திருப்பவை:

1. வைத்தியரின் சீட்டு.

2. ஒன்பது நாளும் அவள் உண்டவற்றை நேரத்துடன் குறித்த தாள்.

3. அவன் தாய் சொல்லச் சொல்ல, நான் ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதிய துண்டுக் காகிதம்: “வந்து உங்கப்பனக் கூட்டிக்கிட்டுப் போடா சாமி. அந்தப் புள்ளய வையறதக் காது குடுத்துக் கேக்க முடியல.”