ஐந்து பேருக்கு ஒரு டியூப்

அக்கா,

இன்று காலை, மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கடைசிச் சொட்டு வரை பிதுக்கிச் சுருட்டிய ஆயின்மென்ட் டியூபை மேசைமேல் வைத்தாள். எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் போகாத இறால் வாடை அவள் கையில் இருந்தது. டாக்டர் சீட்டு கேட்டேன்.

"காலி டியூபக் காட்டுனா புதுசு குடுக்க மாட்டியாம்மா? எல்லாக் கடையிலயும் குடுக்குறாங்களே."

கையைக் காட்டச் சொன்னேன். காட்டினாள்; விரல் வெடித்துச் சீழ் வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "இவ பெரிய டாக்டரு" என்று திட்டிக்கொண்டே போனாள். பக்கத்துக் கடையில் வாங்கியிருப்பாள்.

முதுநகரில், துறைமுகத்துப் பக்கம் இருந்த கொட்டகையில் நீ ஆறு வருடம் இறால் உரித்தாய். விடிகாலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் ஊறி உன் விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கும். இறால் தலையின் முள் சரியாக அந்த வெடிப்பில்தான் குத்தும். கையுறை கேட்டால், "அதப் போட்டா வேகம் கொறையுது" என்பான் மேஸ்திரி. வெளிநாடு போகிற இறாலில் ஈ உட்காரக் கூடாது. உரிக்கிறவள் விரலில் சீழ் வைத்தால் யாருக்கும் கவலையில்லை.

அது 2009. ஆட்காட்டி விரலில் சீழ் வைத்து நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார். கழுவி, ஈரம் போகத் துடைத்து, புண்மேல் மட்டும் மெல்லிசாகத் தடவ வேண்டும். தினம் மூன்று வேளை. ஆறின மாதிரி தெரிந்தாலும் சொன்ன நாள் வரை விடக் கூடாது. மூன்று நான்கு நாளில் குறையாவிட்டால் திரும்பி வர வேண்டும். ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் போடவே கூடாது. "தண்ணியில கை வெக்காதம்மா" என்றும் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு நீ சிரித்தாய்.

"தண்ணியில கை வெக்காம எங்கடி போறது? கலெக்டர் வேலைக்கா?"

கொட்டகையில் நீங்களெல்லாம் சேர்ந்து செய்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொடுக்காத கையுறைக்குப் பதில் அந்த மருந்தையே கையுறையாக்கிவிட்டீர்கள். கொட்டகைக்குள் நுழையும்முன் ஐந்து பெண்களும் ஒரே டியூபைப் பிதுக்கி, இரண்டு கையிலும் கெட்டியாகப் பூசிக்கொண்டு ஐஸுக்குள் கையை விட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் மருந்து தண்ணீரோடு போயிற்று. ஒருத்தி விரலின் சீழ் டியூபின் வாயில் ஒட்டி அடுத்தவள் விரலுக்குப் போயிற்று.

நான் அப்போது சிதம்பரத்தில் டி.பார்ம் இரண்டாம் வருடம். மருந்தை அரைகுறையாகப் போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது நீ காலி டியூபைக் கொடுத்து, "அங்க கெடைக்குமாடி?" என்றாய். தெரிந்த கடையில் சீட்டில்லாமல் மூன்று வாங்கி வந்தேன். டியூபில் இருந்த மருந்தின் பேரைப் பார்த்தேன். உன் கையைப் பார்க்கவில்லை. நீயும் அதை முந்தானைக்குள் வைத்திருந்தாய்.

அடுத்த மாதம் விரலிலிருந்து முழங்கை வரை சிவப்புக் கோடு ஏறியது. காய்ச்சல். அந்தக் கோட்டின் மேலேயும் மருந்தைத் தடவிக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போயிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் பார்த்ததும் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நான்காம் நாள் நீ இல்லை. விரல் புண்ணில் ஒரு பெண் செத்தாள் என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. "வேற ஏதோ இருந்திருக்கும்" என்றார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் கொட்டகைக்குப் போனேன். மேஸ்திரியைச் சட்டையைப் பிடித்துக் கேட்கத்தான் போனேன். அவன் இல்லை. உன்னோடு உரித்த நான்கு பேரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அழுதார்கள். கண்ணைத் துடைத்த கைகளில் வெள்ளையாக மருந்து அப்பியிருந்தது.

"இன்னுமா இதப் பூசுறீங்க? யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினேன்.

மூத்தவள்தான் மெதுவாகச் சொன்னாள். "ஒங்கக்காதாம்மா. எங்களுக்குப் பயமாத்தான் இருந்துச்சு. 'எந் தங்கச்சி மருந்துக்குப் படிக்குது, அவளே வாங்கியாந்தது. கெடுதின்னா எனக்குக் குடுப்பாளா?'ன்னு சொல்லித்தான் அது எங்க கையில பூசி வுட்டுச்சு."

அக்கா, மேஸ்திரிமேல் எனக்குக் கோபம் தீரவில்லை. சீட்டில்லாமல் விற்கிறவர்கள்மேலும் தீரவில்லை. தினம் யாரோடாவது சண்டை போடுகிறேன். ஆனால் உன்னுடைய அந்த ஒரு பேச்சு ஞாபகம் வரும்போது சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். என்னை அவ்வளவு நம்பினாய்.