ஸஹ்லே வீட்டுக் கணினி

மஸ்கட், வியாழன்

அன்பு மகள் கோலெத்துக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமென நம்புகிறேன். உன் இருமல் நின்றதா? எனக்கு முழங்கால் வலி தவிர குறையில்லை. மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் மரியாதையாகவே நடத்துகிறார்கள்.

ஒரு சிறு செய்தி. நம் ஊர் ஸஹ்லேயில், பூட்டிக் கிடக்கும் வீட்டில் இருக்கும் உன் அப்பாவின் கணினியை இங்கிருந்தே இணையம் வழியாகத் திறந்து, அவர் முடிக்காமல் விட்டுப்போன அகராதியைத் திருத்தி வருகிறேன் அல்லவா? அங்கே மின்சாரம் போய்வந்தால் இணைப்பு அறுந்துவிடும். "நான் வீட்டுக்குப் போய்ப் போட்டாத்தாம்மா நீங்க உள்ள வர முடியும்" என்பாய்.

போன மாதம் எங்கள் அலுவலகக் கணினிக்காரர் ஸுலைம் இங்கிருந்தே அந்தக் கணினியின் அமைப்பை மாற்றி வைத்தார். "இனிமே மககிட்ட கெஞ்ச வேணாம், மேடம். கரண்ட் வந்ததும் அதுவே எழுந்து உங்களுக்குக் கதவைத் திறக்கும்" என்று சிரித்தார். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை.

திங்களன்று தொலைபேசியில், "ஒரு மாசமா வீட்டுப் பக்கமே போகலம்மா" என்றாய். நேற்று கணினிக்குள் போனேன். ஞாயிறன்று அங்கே உட்கார்ந்து வீட்டுத் தரகருக்கு நீ எழுதி, இன்னும் அனுப்பாத கடிதம் திரையில் இருந்தது.

பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்றே பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எங்களை வளர்த்தார்கள். முழுவதும் படித்தேன். 'வீட்டை விற்க அம்மா சம்மதித்துவிட்டார்' என்ற வரியை மட்டும் அழித்தேன்.

என் கறுப்புக் கம்பளிச் சால்வையை அனுப்பு. இங்கே ஏசி குளிர் தாங்கவில்லை. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஸஅத்தர் பொடியும் வை.

அலுவலக வண்டி வந்துவிட்டது. கணினியின் வயரை மட்டும் பிடுங்காதே. அந்த வீட்டில் எனக்குக் கதவு திறக்க இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.

உன் தாய்,
ஒடேத்