கிளாஃபிரா வீட்டில் கேட்டு வந்த வார்த்தை

அன்பு மகள் தாமாரிஸுக்கு, கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. இங்கே நானும் உன் அப்பாவும் உன் அண்ணன் திமோத்தெயும் அவர் கிருபையால் சுகம். சுகம் என்று எழுதினாலும் மனதில் ஒரு பாரம் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். உங்கள் ஸ்பெயினில் ஆரஞ்சு பூத்துவிட்டது என்றாய், இங்கே நம் ஊர் சுச்சாவா பக்கம் இன்னும் பனி கிடக்கிறது, விறகு தீரப்போகிறது, பசு இருமுகிறது. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீயும் "பஸ் வந்துடுச்சும்மா" என்று வைத்துவிடுவாய்.

விஷயம் உன் கல்யாணம்தான். நம் சபையில் யார் கல்யாணம் என்றாலும் முதலில் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களிடம் போய்க் கர்த்தருடைய சித்தம் கேட்போம், நானும் உன் அப்பாவும் கேட்டோம், உன் அண்ணனும் கேட்டான். நீ மட்டும் "நாங்க ரெண்டு பேரும் முழங்கால்ல நின்னு கேட்டாச்சும்மா, நடுவுல யாரும் வேண்டாம்" என்றுவிட்டாய். உனக்கென்ன, சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். திருவிருந்து ஞாயிறன்று ஜெபவீட்டு வாசலில் அக்சேனியா என்னை மடக்கி, "தாமாரிசுக்குக் கேட்டாச்சா? அந்த ஸ்பெயின்காரனுக்கு ஞானஸ்நானமாகி ஒரு வருசந்தானே ஆகுது, தலை ஈரம் காஞ்சுதா இல்லையா?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விதை உருளைக்கிழங்கு வாங்கப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் தீர்க்கதரிசனம் சொல்லும் கிளாஃபிரா சகோதரி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவர் அப்போதுதான் பால் கறந்து முடித்திருந்தார், பாவம், என் முகத்தைப் பார்த்ததும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு முழங்காலில் நின்றோம். வெகுநேரம் ஜெபித்தார், தோள் நடுங்கியது, குரல் மாறியது. "என் மகள் அந்நியன் கையைப் பிடித்திருக்கிறாள், அந்தக் கையை விடச் சொல் என்கிறார் கர்த்தர்" என்றார். இதுதான் வார்த்தை. கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்த சோளக்களியைக் கருகவிட்டேன். உன் அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது, எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டார். கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் பரவாயில்லை. "ஏம்மா சவேத்தா, ஜெபத்துக்கு முன்னாடி டீ குடிச்சியா?" என்றார். குடித்தேன் என்றேன். "குடிச்சப்ப வாயைத் தச்சுக்கிட்டா இருந்தே?" என்றார். நான் எங்கே தைத்தேன், பையன் நம் ஜனம் இல்லை, நம் பாஷை தெரியாது, அவன் வீட்டில் சாப்பாட்டோடு வைன் வைக்கிறார்கள், என் பெண்ணின் கை நழுவிப்போகிறது என்று அழுது தீர்த்திருந்தேன். "அப்ப கர்த்தருக்கு நீ ஒண்ணும் மிச்சம் வைக்கலையே, எல்லாத்தையும் நீயே சொல்லிட்டியே" என்றார். ஆவியானவரைப் பரிகாசம் பண்ணாதீர்கள் என்று கத்திவிட்டேன். "அவரை நான் பரிகாசம் பண்ணல, உன் டீயைத்தான் பண்றேன். யார் என்ன சொன்னாலும் சோதிச்சுப் பாக்கணும்னுதானே நமக்குச் சொல்லிக்குடுத்தாங்க" என்று போய்ப் படுத்துவிட்டார்.

எனக்குத்தான் படுக்க முடியவில்லை. கிளாஃபிரா பொய் சொல்கிறவர் இல்லை. திமோத்தெய் காலில் மரம் விழுந்தபோது டாக்டர்கள் கைவிட்டும் அவன் நடப்பான் என்று அவர்தான் சொன்னார், இன்றைக்கு நடக்கிறான். அப்படியானால் இதுவும் உண்மையா? அல்லது என் பயமே அவர் வாய் வழியாக எனக்குத் திரும்பி வந்ததா? வெள்ளிக்கிழமை உபவாசமிருந்து கேட்டேன், எல்லாரோடும் பேசுகிறவரே, என்னிடம் மட்டும் ஏன் வாய் திறக்கமாட்டேன் என்கிறீர் என்று சண்டைகூடப் போட்டேன். அக்சேனியாவுக்கு எப்படியோ தெரிந்து, "கர்த்தர் குடுத்த வார்த்தையைப் பிள்ளைகிட்ட மறைச்சா பழி உன் தலைமேலதான்" என்று பயமுறுத்துகிறாள். உன் அப்பா, "எழுதினாலும் எழுது, எழுதாட்டியும் விடு, ஆனா அவர் பேர்ல எதை எழுதறேன்னு பாத்து எழுது" என்கிறார்.

அதனால்தான் உட்கார்ந்தேன். கர்த்தர் உன்னைத் தடுக்கிறார், ஊருக்கு வந்துவிடு என்று ஆரம்பித்தேன், கை போகவில்லை தாமாரிஸ். அந்தப் பயம் நான் பஸ் ஏறுவதற்கு முன்பே என் வயிற்றில் இருந்தது. அதற்கு அவர் பேரைப் போர்த்தி உனக்கு அனுப்பினால், நாளைக்கு உன் வாழ்க்கைக்கு யார் அதிகாரி, அவரா நானா? உன்மேல் ஆளுகை அவருடையது. எனக்கும் இல்லை, கிளாஃபிராவுக்கும் இல்லை. தடுக்க நினைத்தால் அவருக்கு உன் வாசல் தெரியாதா? அவர் வேண்டாம் என்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். பயப்படுவது நான், அவர் இல்லை. இதை உன் தாய் சொல்லாக வைத்துக்கொள், வேண்டாமென்றால் தள்ளிவிடு, தேவசாபம் ஒன்றும் வராது. இன்னும் ஒரு தடவை இருவருமாய் முழங்காலில் நில்லுங்கள். மனதில் சமாதானம் இருந்தால் ஜூனில் கல்யாணத்துக்கு நாங்கள் வருகிறோம். உன் அப்பா இப்போதே பெட்டியிலிருந்து தன் கோட்டு ஒன்றை எடுத்து வெயிலில் போட்டுவிட்டார். நான் நிம்மதியாய் வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே, நடுங்கிக்கொண்டேதான் வருவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆராதனைக்குத் தலையை மூடாமல் போகாதே, அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்றாலும். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. மறக்காமல் ஒன்று எழுது, அந்தப் பையனுடைய அம்மாவின் பெயர் என்ன? அவளும் எனக்குக் குறையாமல் பயந்துகொண்டிருப்பாள், ஜெபத்தில் அவள் பேரைச் சொல்ல வேண்டும்.

உன்னை அவர் கையில் விட்டுவிட்டு, விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா
சவேத்தா