இடது பக்கக் கண்ணாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், கப்பலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லை இன்று என்னால் உறுதி செய்ய முடியவில்லை. உறுதியானது இவ்வளவுதான்: உன் பிக்கப் கிடைத்துவிட்டது, உன் தம்பி அதில் இல்லை. இன்று வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு வன அலுவலகத்து வயர்லெஸ்காரர் என்னிடம் நேரில் சொன்னது இது. அவருக்குச் சொன்னவர் வண்டியைத் தொட்டுப் பார்த்த ரேஞ்சர். உட்கார்ந்து படி அம்மாடி. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், கடைசியில் உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே, அதனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினான். பின்சக்கரத்துக்கு மேல் நீ கூடுதலாகக் கொடுத்திருந்த வில்பட்டையில் விரிசல் விட்டிருந்தது, போன வாரம் வெல்டரும் அவனும் மூன்று நாள் ஷெட்டில் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்து புதுப் பட்டை போட்டார்கள். அதை மலைப்பாதையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, வந்ததும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்பதுதான் திட்டம். தனியாகப் போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இரண்டு வண்டி இல்லாமல் பாதையில் ஏறக் கூடாது என்ற உன் சட்டத்தை அவன் மீறவில்லை, வெல்டர் தன் ஜீப்பில் பின்னாலேயே போனார். ஆற்றை முதல் தடவை கடக்கும் இடத்தைத் தாண்டியதும் ஜீப்பின் கிளட்ச் நழுவி, கருகிய வாடை அடிக்க ஆரம்பித்தது. அங்கே இரண்டு பேரும் பேசியதை வெல்டர் சொன்னபடியே எழுதுகிறேன். “‘வாடா தம்பி, ரெண்டு பேருமே திரும்பிடலாம், எருமை எங்கயும் ஓடிப்போகாது’ன்னேன் சார். ‘நீங்க மெதுவா இறங்குங்கண்ணே, நான் அடுத்த தண்ணியத் தாண்டி அந்தத் தட்டப் பாறை வரைக்கும் போய்ட்டு உங்க புகையப் பாத்தே வந்து புடிச்சிர்றேன்’னான். சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான்.” அம்மா உன் வண்டிக்கு வைத்த எருமை என்ற பேரை இப்போது தெருவே சொல்கிறது. அப்போது மணி ஒன்பது நாற்பது. அவனைக் கடைசியாகப் பார்த்தவர் வெல்டர்தான்.

பத்தரைக்கு மேல்மலையில் மழை பிடித்தது. பாலத்தில் நீர்மட்டம் குறிப்பவருடைய ஏட்டை நானே வாங்கிப் பார்த்தேன், பதினொரு மணிக்கு முழங்கால் அளவு என்று எழுதியிருக்கிறது, பன்னிரண்டரைக்கு ஆள் உயரத்துக்கு மேல். வெல்டர் அடிவாரத்தில் இரண்டு மணிவரை காத்திருந்து பார்த்துவிட்டு நேராக வன அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “கிளட்ச் போனா வண்டியத்தானே விட்டுட்டு வரணும், பிள்ளைய விட்டுட்டு வருவாங்களா?” என்று கேட்டாள். அந்த மனிதர் ஷெட்டுக்குள் போய், கீழே கிடந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பலகையில் மாட்டிவிட்டுப் போனார். வியாழக்கிழமை முழுக்க ஆறு இறங்கவில்லை, யாராலும் அக்கரைக்குப் போக முடியவில்லை. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். உங்கள் கப்பல் கம்பெனி அலுவலகத்துப் பெண்மணி, அவசரம் என்றால் கேப்டனுக்கே செய்தி போடலாம், என்னவென்று போடட்டும் என்று கேட்டார். ‘காணவில்லை’ என்று எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் எழுதியிருக்கிறேன், நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன்.

இன்று காலை ஒன்பது பேர் கயிறு கட்டி ஆற்றைக் கடந்தார்கள். வண்டி இரண்டாவது தடவை ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு அறுபதடி கீழே, அக்கரையில் மூக்கைக் கரைமேல் வைத்துக்கொண்டு, பின்சக்கரங்கள் தண்ணீரில் கிடக்க நிற்கிறதாம். முன்னால் இருக்கும் வின்ச்சின் இழுவைக் கம்பி முழுக்க வெளியே வந்து, கரையில் ஒரு மரத்தில் பட்டை வார் போட்டுக் கட்டியிருக்கிறது, கம்பி மரத்தை அறுக்காதபடி நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே. முன்சக்கரங்களின் குமிழ் இரண்டும் பூட்டுப் பக்கம் திருப்பியிருக்கின்றன, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்துதான் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். அவசரப்பட்டவன் வேலை அல்ல அது. கதவுகள் சாத்தியிருந்தன, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, பானட் திறந்திருந்தது. ரேஞ்சர் நினைப்பது இது: திரும்பி வரும்போது நடு ஆற்றில் என்ஜின் நின்றிருக்கிறது, வெள்ளம் வண்டியைக் கீழே தள்ளி மூக்கை அக்கரைப் பக்கம் திருப்பியிருக்கிறது, வின்ச்சால் இழுத்து அக்கரைக்கே வண்டியை ஒதுக்கியிருக்கிறான், பானட்டைத் திறந்து என்ஜினைக் காயவைத்துப் பார்த்திருக்கிறான், கிளம்பவில்லை என்றதும் நடந்தே ஆற்றைக் கடக்க இறங்கியிருக்கிறான். அப்படித்தான் எல்லோரும் செய்வார்கள், அதனால் ஒன்பது பேரும் ஆற்றோடு கீழே தேடிப் போகிறார்கள். வண்டியின் பின்தொட்டியில் இருந்த நீலத் தண்ணீர்க் கேன் ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே மணல்திட்டில் கிடைத்தது. தொட்டி தண்ணீரில் கிடந்ததால் கேன் தானாகவே மிதந்து போயிருக்கலாம், அதையும் ரேஞ்சரே சொன்னார். இரண்டையும் எழுதிவிட்டேன், எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதப் போவது நான் செய்தது. வண்டியில் டேஷ்போர்டு பெட்டிக்குள் நீ வைத்துவிட்டுப் போன பச்சை அட்டை நோட்டு உனக்கு நினைவிருக்கும். நாலு மாதத்துக்கு முன்னால் வண்டியைத் துடைக்கும்போது பார்த்தேன், பக்கமெல்லாம் கிரீஸ் கறை, ஓரமெல்லாம் கிழிசல். மூன்று வருஷம் நீ அந்த வண்டிக்குச் செய்த அத்தனை வேலையும் அதில் தேதியோடு இருக்கிறது. நோட்டைத் தொலைத்த நிருபர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான், அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் பழைய நோட்டுகளோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதற்குப் பதிலாக வண்டியில் வைக்க இரண்டு தாளில் நல்ல கையெழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்தேன். ஆற்றில் இறங்கி ஏறினால் அச்சு எண்ணெயைப் பார்க்க வேண்டும், பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும், பாதையில் ஏறும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், கூரைவரை ஏற்றிய காற்றுக்குழாயின் கிளிப்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும், எல்லாம் எழுதினேன். கடைசிப் பக்கத்துக்கு இடம் போதவில்லை, மேலோட்டமாகப் பார்த்ததில் அது பராமரிப்பு இல்லை என்று பட்டது, விட்டுவிட்டேன். பேப்பரில் இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கடைசியிலிருந்துதான் வெட்டுவோம், முப்பத்திநாலு வருஷப் பழக்கம். சின்னவன் ஒரு தடவை கேட்டான், “அப்பா, அக்கா நோட்டு எங்க?” என்று. பத்திரமாக இருக்கிறது, என்ன வேண்டும் சொல், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். “மலைமேல மாட்டிக்கிட்டா உங்களுக்கு போன் போட்டு, அப்பா ரெண்டாம் அலமாரி மூணாம் தட்டுன்னு கேக்கணுமா?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

இன்று மதியம் ரேஞ்சர் செய்தி வந்தபின் அம்மா சாவியை என் கையிலிருந்து பிடுங்கி, அலமாரியைத் திறந்து அந்த நோட்டை எடுத்தாள். “அது என்ன நகையா, பூட்டி வைக்க?” என்றாள். அவள்தான் கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். தனியாக அக்கரையில் மாட்டிக்கொண்டால் ஆற்றில் இறங்கித் திரும்பி வரவே கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். பானட்டைத் திறந்து வை, உள்பக்க ஆரஞ்சு மேலிருந்து பார்த்தால் தெரியும். இடது பக்கக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொள், நட்டுகளைத் தண்டிலேயே திரும்ப மாட்டு. பழைய காவல் கோபுரத்துக்கு ஏறு, நாலு மணி நேரம், அங்கே ஓர் அறையும் ஊற்றும் உண்டு, வெயில் வந்தால் கண்ணாடியைக் காட்டு, யாராவது வரும்வரை அங்கேயே இரு. பானட்டின் உள்பக்கத்துக்கு நீ ஆரஞ்சு அடித்த அன்று, யாருக்கும் தெரியாத இடத்துக்கு எதற்கு அலங்காரம், சட்டைக்கு உள்ளே பூவேலையா என்று நான் கேலி செய்தேன். கண்ணாடிக்குக் கையால் திருகும் நட்டுப் போட்டபோதும் கேட்டேன், கிளை அடிக்கும்பா என்று மட்டும் சொன்னாய். நான் ஒழுங்காக இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய்.

நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வன அலுவலகத்துக்கு ஓடி வந்தோம், இப்போதும் இங்கேதான் வரைபடம் ஒட்டிய சுவருக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பானட் திறந்திருந்ததே, அது என்ஜினுக்காக அல்ல, அவன் மேலே ஏறியிருக்கிறான் என்றேன். வயர்லெஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். “சார், என்ஜின் நின்னா நானும் பானட்டத்தான் தொறப்பேன். இருக்கிறது ஒம்பது பேரு. கீழ தேடுற ஆள மேல அனுப்புறதுன்னா, கீழ ஒரு நாள் போச்சு. ரேஞ்சர் கேட்டா நான் என்ன சொல்ல?” அவர் சொன்னது சரி. என் பத்திரிகை ஆசிரியரும் அதைத்தான் கேட்டிருப்பார். மூன்று நாளாக வெயிலே இல்லை, அதனால் மேலிருந்து கண்ணாடி மின்னவில்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் கண்ணாடி வண்டியில் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அர்த்தம் உண்டு. பாறையில் மோதி உடைந்திருந்தால் தண்டு வளைந்திருக்கும், கையால் கழற்றியிருந்தால் தண்டு நேராக, நட்டுகள் அதிலேயே மாட்டியிருக்கும். காலையில் அதை யாரும் பார்க்கவில்லை. பேட்டரி தீராமல் இருக்கத் தேடுபவர்கள் வயர்லெஸ் செட்டை அணைத்து வைத்திருக்கிறார்கள், மாலை ஆறு மணிக்கு வண்டி நிற்கும் இடத்துக்குத் திரும்பி வந்து பேசும்போது இதைத்தான் முதலில் கேட்பதாக வயர்லெஸ்காரர் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா ஜன்னலோரம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இங்கிருந்து மேகம்தான் தெரிகிறது. வெல்டரும் வந்து வாசலில் நிற்கிறார். அம்மா இப்போதுதான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னாள்.

என் கேள்வி இதுதான். அந்தக் கடைசிப் பக்கத்தில் இருப்பதை நீ சின்னவனுக்கு எப்போதாவது வாயால் சொன்னாயா? அவன் உன்கூட அந்தக் கோபுரத்துக்குப் போயிருக்கிறானா? அந்தப் பக்கத்தில் உன் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது, அவன் படித்தானா என்பதற்கு அதில் எந்த அடையாளமும் இல்லை. தேதியைப் பார்த்தால் நீ கப்பலுக்குக் கிளம்புவதற்கு ஆறு நாள் முன்னால் எழுதியிருக்கிறாய். நீ சொல்லியிருந்தால் அவன் மேலேதான் இருப்பான், நீ சொன்னதை அவன் தட்டியதே இல்லை. சொல்லவில்லை என்றால் அது உன் தப்பே இல்லை, நீ எழுதி வைத்துவிட்டுத்தான் போனாய், எடுத்தவன் நான். எனக்காகப் பதிலை மாற்றி எழுதாதே அம்மாடி. சொன்னேன், சொல்லவில்லை, இரண்டில் ஒன்றை மட்டும் எழுது.

இந்தக் கடிதத்தை ஐந்தே முக்காலுக்குள் உங்கள் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால், கப்பலுக்கு மொத்தமாக மெயில் அனுப்பும் ஆறு மணிக் கட்டோடு வந்துவிடும் என்கிறார்கள். உன் பதில் நாளைக் காலை ஆறு மணிக் கட்டில் வரும், நான் அந்த அலுவலக வாசலில் நிற்பேன். இதைப் படித்துவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருக்காதே, உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணிடம் சொல், ஏதாவது சாப்பிடு, ஈரத்தில் மேல்தளத்துக்குப் போகாதே. கேப்டனுக்கு வர வேண்டிய செய்தி எதுவானாலும் என் கையால்தான் வரும், வேறு யார் எதைச் சொன்னாலும் நம்பாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள்.

கண்ணாடி பற்றிய தகவல் இன்று மாலை ஆறு மணிக்கு. உன் பதில் நாளைக் காலை ஆறு மணிக்கு. ஒன்பது பேரும் மறுபடி கிளம்புவது ஆறரைக்கு. மேலேயா கீழேயா என்பதை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

உன் அப்பா
வெள்ளிக்கிழமை, மாலை 5.25