பயிற்சி முகாமில் என் பெயர்

மடை திறந்துவிட்டு வந்ததும் இதைப் படியுங்கள். நேற்று முகம் கொடுத்துப் பேசாமல் படுத்துவிட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்காரிடம் புதிதாக நிலம் வாங்கினவர்களுக்கு நடக்கும் பயிற்சிக்கு இன்றைக்கும் போகிறேன். "சேத்துலயே பொறந்தவனுக்கு என்னடி பாடம்?" என்று கேட்டீர்கள். நடவும் அறுப்பும் நமக்குத் தெரியும்தான். ஆனால் எந்த விதை, எவ்வளவு உரம் என்று இதுவரை பண்ணையார்தானே சொன்னார்? இனி நம் மூன்று மா நிலத்துக்கு நாம்தான் சொல்லவேண்டும்.

நேற்று அதிகாரி, "பட்டா யார் பேர்லம்மா?" என்றார். உங்கள் பெயரை நான் எப்படிச் சொல்வது? சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உன் பேரையாவது சொல்லு" என்று கேட்டு, 'அம்சவல்லி, விவசாயி' என்றே எழுதிக்கொண்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் உறியில் இருக்கின்றன. பண்ணை ஆள் வந்து நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிடுங்கள்.

அம்சவல்லி

நாளைக்கு நீங்களும் வரலாமாம், கேட்டுவிட்டேன். வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். கல்யாணமானதிலிருந்து நாம் சேர்ந்து பஸ் ஏறியதே இல்லை.